இருந்த கீறல் எங்கே?

வாடகை மோட்டார் சைக்கிள் கடைக்காரர் ரொம்ப நல்ல மனிதராக இருந்தார். அதுதான் துப்பறியும் உதவியாளன் ரேடியோவுக்கு எரிச்சலாக இருந்தது.

துப்பறிய வந்த இடத்தில் ஒரு ஆளாவது முறைக்க வேண்டாமா? ஒரு வெட்டுத் தழும்பு, ஒரு திருட்டு முழி, குறைந்தபட்சம் ஒரு கோணல் சிரிப்பு? இந்த மனிதரோ நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். மேசை விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். கூட வந்திருந்த, காணாமல் போன பையனின் அக்காவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று வேறு கேட்டார். இப்படிப்பட்டவரைச் சந்தேகப்பட்டால் கண்ணு அவிஞ்சு போயிடும் என்று ரேடியோ மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் நரம்பைத் தேடி ஊசி போடும் கை, இப்போது ஒரு போனை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுடைய தம்பி முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தனியாக ஊர் சுற்ற இந்தத் தீவுக்கு வந்தான். இந்தக் கடையில்தான் மோட்டார் சைக்கிள் எடுத்தான். அதோடு சரி. இரண்டு நாள் கழித்து வண்டி மட்டும் படகுத்துறையில் நின்றது, சாவி ஹெல்மெட்டுக்குள் கிடந்தது. தீவைவிட்டுப் போகிறவர்கள் வண்டியை அப்படி விட்டுவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். ஆகவே பையன் படகேறிவிட்டான், வீட்டுக்கு வர இஷ்டமில்லாமல் எங்கேயோ சுற்றுகிறான் என்று ஏட்டு கணக்கை முடித்துவிட்டார்.

அம்மா அதை நம்பிவிட்டாள். 'நம்மளை வேண்டாம்னு போயிட்டான்டி' என்று படுக்கையில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்கா நம்பவில்லை. அதனால்தான் மேடத்தைத் தேடிப் பிடித்து இங்கே கூட்டிவந்திருந்தாள்.

மேடம் என்றால் ரேடியோவின் முதலாளி. துப்பறியத் தொடங்குவதற்கு முன்னால் காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்தவர். நசுங்கிய பானெட்டைப் பார்த்தே ஓட்டியவனின் பொய்யைச் சொல்லிவிடுவார் என்று பேர். ஒல்லி, வாயிலிருந்து வார்த்தையை வாங்க முடியாது. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் உதவியாளனாக ரேடியோ இருந்தான். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

"அந்தத் தம்பி எடுத்துட்டுப் போன வண்டி இருக்கா?" என்றார் மேடம்.

"இருக்குங்க. இதோ நிக்குதே."

"அதையே எங்களுக்கு வாடகைக்குக் குடுங்க. அக்காவுக்கு ஒரு ஸ்கூட்டர்."

கடைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. சிவப்பு மோட்டார் சைக்கிளை வரிசையிலிருந்து உருட்டி வந்து நிறுத்தினார். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இங்க சைலன்சர்ல ஒரு நசுங்கல். இந்த மட்கார்டு ஓரம் லேசா விரிசல். பார்த்துக்குங்க, திருப்பித் தரும்போது நமக்குள்ள சண்டை வரக்கூடாது."

"எங்க மேடம் சண்டையே போட மாட்டாங்க," என்றான் ரேடியோ. "பார்ப்பாங்க. அதுக்கு அடியே தேவலை."

மேடம் அவனைப் பார்த்தார். ரேடியோ அணைந்தான்.

"அந்தத் தம்பி விட்டுட்டுப் போனப்புறம் இதுல புதுசா கீறல் ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணுமே இல்லைங்க. படகுத்துறையிலேர்ந்து கொண்டாந்ததும் அங்குலம் அங்குலமாப் பார்த்தேன். தங்கமான பையன். அலுங்காம வெச்சுட்டுப் போயிருக்கான்."

"ரிப்பேர், பெயின்ட், ஏதாவது பண்ணினீங்களா?"

"எதுக்குங்க? போன மாதிரியே வந்திருக்கு."

சாவியைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தொங்கியது, கடையின் பேரும் போன் நம்பரும் அச்சடித்து. "வழியில எங்க நின்னுட்டாலும் இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க. வேனோட வந்து நிப்பேன்," என்றார். பழுதான வண்டிகளை ஏற்றிவரும் அந்தச் சின்ன லோடு வேன் கடை வாசலிலேயே நின்றது.

வண்டியை மேடம் ஓட்டினார். ரேடியோ பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டான். அக்கா ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள்.

தீவைச் சுற்றி ஒரே ரோடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னை. சாலையோரக் கடைகளில் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். முதுகில் பையோடு, தோலெல்லாம் வெயிலில் வெந்துபோன வெளியூர்ப் பிள்ளைகள் எதிரே வாடகை வண்டிகளில் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவனும் கடக்கும்போது அக்காவின் ஸ்கூட்டர் ஒரு நொடி மெதுவாகிப் பிறகு வேகமெடுத்தது. அதை ரேடியோ திரும்பிப் பார்த்துத் தொலைத்தான். பார்த்திருக்க வேண்டாம்.

"மேடம், நீங்க ஓட்டற ஓட்டுக்கு நாமளும் காணாமப் போயிடுவோம். அப்புறம் நம்மளை யார் தேடுவா?"

"என்னைத் தேடுவாங்க."

"என்னை?"

"நிம்மதியா தூங்குவாங்க."

கலங்கரை விளக்கத்துக்குப் போகும் மலைப்பாதை அந்த ரோட்டிலிருந்து பிரிந்தது. தம்பி கடைசியாக அனுப்பிய செய்தி அதுதான்: 'லைட் ஹவுஸ் போறேன்க்கா. மேலேர்ந்து போட்டோ அனுப்பறேன்.' போட்டோ வரவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து போனும் அணைந்துவிட்டது. போன் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று அதற்கும் ஏட்டு ஒரு பதில் வைத்திருந்தார்.

பாதி மலையில், ஒரு வளைவு தாண்டி நிழலாக இருந்த இடத்தில் மேடம் வண்டியை நிறுத்தினார். "அக்கா, அந்த வீடியோவைப் போடுங்க," என்றார்.

வாடகை வண்டி எடுக்கும்போதெல்லாம் தம்பி அதைச் சுற்றி வந்து வீடியோ எடுப்பான். முன்பு வேறெங்கோ ஒரு கடையில் பழைய நசுங்கலைக் காட்டி அவன் தலையில் கட்டிவிட்டார்கள்; அன்றிலிருந்து இந்தப் பழக்கம். இந்தக் கடை வாசலில் எடுத்ததை அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அக்கா போனை நீட்டினாள். அவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது, சின்னப் பையனின் துள்ளலோடு.

'அக்கா, இது சைலன்சர், யாரோ உதைச்சிருக்காங்க. இது மட்கார்டு, வாயைப் பொளந்திருக்கு. இப்ப கண்ணை மூடிக்கோ... டேங்க் மேல பல்லி! பார்த்தியா? பெயின்ட் உரிஞ்சு அப்படியே பல்லி மாதிரியே இருக்கு, வாலெல்லாம் இருக்கு. உனக்குத்தான் பல்லின்னா பயமாச்சே, நீ இந்த வண்டியில ஏறவே மாட்டே.'

சிரிப்போடு வீடியோ முடிந்தது. அக்கா அதை எத்தனை முறை பார்த்திருப்பாளோ, உதடு அவன் கூடவே அசைந்தது.

மேடம் பெட்ரோல் டேங்கைக் கைக்குட்டையால் துடைத்தார். வழவழவென்று சிவப்பு. "ரேடியோ, பல்லி எங்கே?"

ரேடியோ குனிந்து பார்த்தான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். "ஓடிப் போயிருக்கும் மேடம். நீங்க ஓட்டினதுல..."

"விளையாடாதே."

"பெயின்ட் அடிச்சிருப்பார்."

"அடிக்கலைன்னு அவரே சொன்னாரே. நான் கேட்டதே அதுக்குத்தான். போன மாதிரியே வந்திருக்குன்னார்." மேடம் கைக்குட்டையை மடித்தார். "புதுக் கீறலை யார் வேணும்னாலும் கண்டுபிடிப்பாங்க. இங்க பழைய கீறல் ஒண்ணைக் காணோம். வாழ்நாள் பூரா புதுக் கீறலையே தேடின கண்ணு அவரோடது. சைலன்சரும் மட்கார்டும் எல்லா வண்டியிலயும் அடி வாங்கற இடம், அது பொருந்திப் போச்சு. இருக்க வேண்டியது ஒண்ணு இல்லைங்கறது அந்தக் கண்ணுல படவே இல்லை."

ரேடியோ வண்டியின் பின்னால் போய் உட்கார்ந்தான். நம்பர் பிளேட் துருவேறி, ஓரம் வளைந்து கிழமாக இருந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் புத்தம் புதுசாக மின்னின.

"மேடம்," என்றான், இந்த முறை கிண்டல் இல்லாமல். "கிழவனுக்குப் புதுப் பல் கட்டியிருக்காங்க."

"அதேதான். நம்பர் அந்த வண்டியோடது. வண்டி வேற. படகுத்துறையில நின்னது உங்க தம்பி ஓட்டின வண்டியே இல்லைம்மா."

அக்காவின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அவன் படகேறலை. எங்களை விட்டுட்டுப் போகலை. அம்மாகிட்ட இப்பவே சொல்..." என்று போனை எடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். போகவில்லை என்றால் இத்தனை நாளாக எங்கே இருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகம் அணைந்ததைப் பார்க்க மாட்டாமல் ரேடியோ தலையைத் திருப்பிக்கொண்டான்.

வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் மேடம் நின்றார். பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை, மரங்களைத்தான் பார்த்தார். மூன்றாவது வளைவில் ஒரு தடித்த மரத்தில், இடுப்பு உயரத்தில், பட்டை சுற்றி உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"இங்க யானையைக் கட்டியிருந்தாங்களா?" என்றான் ரேடியோ.

"கயிறு போட்டு எதையோ மேல இழுத்திருக்காங்க. மரத்தைச் சுத்திக் கயிறு, கயிறு முனையில ஒரு வேன்."

மரத்தடியில் நின்று கீழே பார்த்தால் இலைதான் தெரிந்தது. இலைக்கு அடியில் இன்னும் இலை. ரேடியோ படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான், ஒன்றும் புலப்படவில்லை. மூன்று பேரும் செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் இண்டிகேட்டர் கண்ணாடியின் ஆரஞ்சுத் துண்டு ஒன்று மண்ணில் கிடந்தது.

முதலில் பார்த்தது ரேடியோதான். ஒரு கல்லின் மேல் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் பக்கத்தில், காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்து.

"அக்கா, வேணாம். இங்கேயே நில்லுங்க," என்று குறுக்கே கையை நீட்டினான். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுப் போனாள்.

பாறை ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முதுகுக்குப் பையை முட்டுக்கொடுத்து. சட்டையைக் கிழித்து, இரண்டு குச்சிகளை வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்தான். பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டில். முகம் ரோட்டுப் பக்கம் நிமிர்ந்திருந்தது. உயிர் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. மிச்சத்தை விவரிக்க இந்தக் கதைக்கு விருப்பம் இல்லை.

அக்கா கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலைமுடியிலிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"கட்டு சரியாத்தான் போட்டிருக்கான்," என்றாள். "நான் சொல்லிக் குடுத்தது." மேலே பார்த்தாள். "ரோடு இதோ இருக்கு மேடம். இவன் ஒரு இடத்துல சும்மா உக்கார்றவன் இல்லை. தவழ்ந்தாவது ஏறியிருப்பான். ஷூவைக் கழட்டி வெச்சுட்டு ஏன் இங்கேயே உக்காந்திருந்தான்?"

மேடம் குனிந்து பையனின் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், முதுகுப் பையின் ஜிப்பைத் திறந்து பார்த்தார். பர்ஸ் இருந்தது. போன் இல்லை. ரேடியோ ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதான், சத்தம் வராமல்.

ஏட்டு வந்தார், ஆட்கள் வந்தார்கள், தம்பியை மேலே ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் எல்லாரும் வாடகைக் கடையில் இருந்தார்கள்.

கடைக்குப் பின்னால் உதிரிபாகக் குவியலுக்கு நடுவே ஒரு தார்ப்பாய் எதையோ மூடியிருந்தது. ரேடியோ அதை ஒரே இழுப்பில் உருவினான். முன்சக்கரம் எட்டாக மடங்கிய சிவப்பு மோட்டார் சைக்கிள். நம்பர் பிளேட் இருந்த இடம் காலி. டேங்கின் மேல் பெயின்ட் உரிந்து, வாலோடும் காலோடும், பல்லி.

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதராகவே அழுதார். "பயந்துட்டேங்க. முன் பிரேக் சரியில்லைன்னு எனக்குத் தெரியும், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன். போன வருஷம்தான் என் வண்டியில போன ஒருத்தருக்குக் கால் போச்சு. இன்னொண்ணுன்னா கடையை மூடிடுவாங்க. எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. தற்செயலா அந்த வழியாப் போனேன், பள்ளத்துல பார்த்தேன். அப்பவே உயிர் இல்லீங்க. செத்தவனைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? வண்டியை மட்டும் எடுத்துட்டு வந்தேன். அது தப்புதான்."

ஏட்டு பெருமூச்சு விட்டார். "விபத்து. பயத்துல மறைச்சிருக்கார்," என்றார், பாதிப் பரிதாபத்தோடு. ரேடியோவுக்கே ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பயந்த மனிதன் எதையும் செய்வான்.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"தற்செயலாப் பார்த்தீங்க?"

"ஆமாங்க."

"எங்கேர்ந்து?"

"ரோட்லேர்ந்துதான்."

"இவன் படுத்துக்கிட்டு எட்டிப் பார்த்தான். ஒண்ணும் தெரியலை. இங்க பெரிய மரம் இருக்கு, அதுல கயிறு கட்டலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்குக் கீழ வண்டி கிடக்குன்னு தெரிஞ்சிருக்கு. கயிறும் வேனுமாத் தயாராப் போயிருக்கீங்க. அந்த இடத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

கடைக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் அன்று காலை தனக்குத் தந்த சாவியை மேசையில் வைத்தார், மஞ்சள் வில்லை மேலே தெரியும்படி. "எங்க நின்னுட்டாலும் ஒரு போன் போடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தீங்க. அவன் போட்டிருக்கான். செத்தவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்க மாட்டான், ஷூவைக் கழட்டி அடுக்க மாட்டான். அவன் போன் எங்கே?"

ஏட்டு எழுந்து நின்றார். பரிதாபம் போன இடம் தெரியவில்லை.

"அலமாரிக்குப் பின்னால," என்றார் கடைக்காரர். அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "கால்தான் உடைஞ்சிருந்துது. நல்லாப் பேசினான். ஊர்ல இருக்கிற அக்காகிட்டச் சொன்னாப் பதறுவாங்க, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன், அப்புறம் சொல்லிக்கறேன்னான். என் போன்ல சார்ஜ் இல்லை, இங்க டவரும் விட்டு விட்டு வருது, மேல போய் ஆஸ்பத்திரிக்குப் பேசறேன்னு சொல்லி அவன் போனை வாங்கிட்டேன். முதல்ல வண்டியைத்தான் கட்டி இழுத்தேன். அவனைத் தூக்கணும்னுதான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். வண்டி மேல வந்ததும் பிரேக்கைப் பார்த்தேன். இவன் ஆஸ்பத்திரியில வாயைத் திறந்தா என் கதை முடிஞ்சுதுன்னு தோணிச்சு. கடைக்கு வந்துட்டேன். காலையில போகலாம்னு நினைச்சேன். அப்புறம் மத்தியானம் போகலாம்னு..."

ரேடியோ அவரை அடித்திருப்பான். ஏட்டு அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அக்கா அழுகையோ கோபமோ இல்லாமல் கடைக்காரர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ரோடு பக்கத்துலதானே இருந்துது. அவன் ஏன் ஏறி வரலை?"

கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "நான்தாம்மா சொன்னேன். அசையாதே தம்பி, கால் இன்னும் கெட்டுப்போயிடும், ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு. சரிண்ணேன்னு ஷூவைக் கழட்டி வெச்சுட்டுச் சாஞ்சு உக்காந்துட்டான்."

"அம்மா சொன்னாக் கேக்க மாட்டான். நான் சொன்னாலும் கேக்க மாட்டான்," என்றாள் அக்கா. "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கான்."